நாலு வேலைக்கு எத்தனை கம்?

மச்சினன் ஈப்போவில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கியதிலிருந்து தச்சு வேலைப் பித்துப் பிடித்து அலைகிறான். வாரக் கடைசியானால் காரை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்கு வந்துவிடுவான். எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் எங்கள் இருவருக்கும் பட்டறை. போன மாதம் வந்தவன் கையில் ஒரு சீட்டு இருந்தது. அதில் நாலு வேலை: மாமியாருக்கு ஒரு சாமி மேடை, வாசலில் போட ஒரு பெஞ்சு, சமையல்கட்டு மேசைக்குப் புது ஃபார்மிக்கா மேல்ஷீட், அப்புறம் தாத்தாவின் ஆர்மோனியம். "மாமா, நாலுக்கும் சேர்த்து ஒரே கம் சொல்லுங்க. போற வழியில வாங்கிக்கிட்டுப் போயிடறேன்" என்றான். கம் என்றால் பசை.

அப்படி ஒன்று இருந்தால் என் அலமாரியில் ஏழு டப்பா ஏன் இருக்கிறது? அவனைக் கேட்டேன். "நீங்க வாங்கிச் சேர்க்கிற ஆளு" என்றான். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த ஏழில் நாலைந்து, ஏதோ ஒரு வேலை கெட்டுப்போன பிறகு வாங்கியவை.

பசை என்று எழுத்தில் எழுதினாலும் இங்கே மலேசியாவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மலாயில் காம், நமக்குக் கம். ஹார்ட்வேர் கடையில் போய் நின்றால் நம் வாயில் முதலில் வருவது "எது ஸ்ட்ராங்?" என்பதுதான். கடை முதலாளி தவுக்கேயும் அலமாரியில் விலை கூடியதைக் காட்டி "இனி குவாட்" (இதுதான் ஸ்ட்ராங்) என்பார். அவர் மேல் தப்பில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார்.

கேள்விதான் கோளாறு. இருக்கிறதிலேயே மலிவான வெள்ளை கம்மை எடுத்து, இழைத்துச் சமமாக்கிய இரண்டு ரப்பர் பலகையை நார் ஓடும் வாக்கில் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி, கிளாம்ப் போட்டு, ஒரு நாள் கழித்துச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள். ஒட்டின கோட்டில் பிளக்காது. பக்கத்தில் மரம்தான் கிழியும். மரத்தை விட வலுவான கம் நமக்கு எதற்கு? மலிவான டப்பாவிலேயே வலு கிடைத்துவிடுகிறது. அதனால் நான் கேட்பது வேறு: இந்த மூட்டு இணைப்பை நாளைக்கு எது வந்து பிரிக்கப்போகிறது? தண்ணீரா, சூடா, ஓயாமல் ஏறி உட்காரும் பாரமா, இல்லை நம் கை சரியாக வெட்டாமல் விட்ட இடைவெளியா? கடைசியாக ஒன்று: பிற்காலத்தில் யாராவது இதைப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டி வருமா?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு முக்காலி. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பின்கட்டில் துணி துவைக்கும்போது உட்கார வீட்டுக்காரிக்கு ஒன்று செய்து கொடுத்தேன். கழுந்து (துளைக்குள் செருகும் முனை), துளை எல்லாம் கச்சிதம். வெள்ளை கம்தான் போட்டேன். மூன்று மாதம் நன்றாக இருந்தது. நவம்பர் மழையில் இரண்டு வாரம் ஈரத்திலேயே கிடந்தது. ஒரு நாள் காலையில் அவள் உட்கார, ஒரு கால் மட்டும் மெதுவாக வெளியே நழுவியது. எடுத்துப் பார்த்தால் கழுந்தின் மேல் கம் பால் போல வெளுத்து, நகத்தால் சுரண்டினால் வழண்டு வந்தது. மரத்தில் ஒரு கீறல் கூட இல்லை. அந்த மூட்டு பலத்தில் தோற்கவில்லை, தண்ணீரில் கரைந்தது. இன்றைக்கும் நான் எதையாவது செய்து நீட்டினால் அவள் முதலில் காலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.

வெள்ளை கம் என்பது பாலிவினைல் அசிடேட். தமிழ்நாட்டில் ஃபெவிகால் என்றாலே புரியும் சாமான் இதுதான். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள். தண்ணீரை மரம் குடித்துவிட, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகின்றன. அவ்வளவுதான் வித்தை. இதன் அடுத்த தலைமுறைதான் மஞ்சள் கம். சீக்கிரம் பிடிக்கும், உப்புத்தாள் போட்டால் கட்டியாகாமல் தூளாக வரும், சூட்டையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மூன்றாவதாக, அதே குடும்பத்தில் தண்ணீர் தாங்கும் ரகங்கள்.

இந்த மூன்றாவதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். 'வாட்டர்ப்ரூஃப்' என்று டப்பாவில் பெரிதாகப் போட்டிருப்பதைப் படிக்காதீர்கள். பின்பக்கத்தில் சின்ன எழுத்தைத் தேடுங்கள். ஐரோப்பியச் சரக்கானால் டி1 முதல் டி4 வரை ஓர் அடையாளம் இருக்கும். டி1 உலர்ந்த அறைக்கு மட்டும். டி3 என்றால் அடிக்கடி தண்ணீர் பட்டுக் காயும் உள்வேலைக்கும், மழை நேரடியாகப் படாத வெளிவேலைக்கும் போதும். டி4 வெளியில் நிற்கும், ஆனால் மேலே வார்னிஷோ பெயின்ட்டோ இருக்க வேண்டும். அமெரிக்கச் சரக்கானால் டைப் 2, டைப் 1 என்று போட்டிருப்பார்கள். டைப் 2-க்கு ஒட்டுப்பலகையை 4 மணி நேரம் ஊறவைத்து, 19 மணி நேரம் சூட்டில் காயவைத்து, மூன்று முறை திருப்பிச் செய்து, பிரிகிறதா என்று பார்க்கிறார்கள். டைப் 1 இன்னும் கொடுமை: 4 மணி நேரம் கொதிக்கும் தண்ணீர், 20 மணி நேரம் அடுப்பு, மறுபடி 4 மணி நேரம் கொதி, பிறகு ஈரத்தோடேயே இழுத்துப் பார்ப்பது. நம் ஊரில் சாதாரணமாகக் கண்ணில் படும் டைட்பாண்ட் வரிசையில் சிவப்பு லேபிள் உள்ளுக்கு, நீலம் டைப் 2, பச்சை டைப் 1. நீலமும் பச்சையும் உணவு படும் சாமானுக்கும் ஆகும் என்பதால், சப்பாத்திப் பலகை, காய் நறுக்கும் பலகை செய்கிறவர்கள் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

மச்சினன் லேபிளை நம்புகிற ரகம் இல்லை. சரி, நீயே பார் என்று மூன்று ஜோடித் துண்டுகளை ஒட்டினோம்: வெள்ளை, மஞ்சள், டைப் 1. அடுத்த வாரம் அவன் வந்ததும் மூன்றையும் வாளித் தண்ணீரில் போட்டு, மேலே செங்கல் வைத்தோம். மறுநாள் சாயங்காலம் எடுத்தான். வெள்ளை, கையால் திருகியதும் ஈர பிஸ்கட் மாதிரி வந்துவிட்டது. மஞ்சள் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுப் பிரிந்தது. மூன்றாவதை வைஸில் மாட்டித் தட்ட வேண்டியிருந்தது, அப்போதும் மரம்தான் சிராய் சிராயாகக் கிழிந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. சீட்டில் முதல் வரிக்குப் பக்கத்தில் 'பச்சை' என்று எழுதிக்கொண்டான்.

சாமி மேடைக்குத் தண்ணீர் என்ன வந்தது என்று கேட்கலாம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மாமியார் மேடையை ஈரத்துணியால் துடைக்க மாட்டார். சொம்பில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். அதோடு எண்ணெய், அதோடு விளக்குச் சூடு. சூடு முக்கியம். வெள்ளை கம் சூட்டில் இளகும் சாதி. விளக்கு வைக்கும் தட்டுக்கு நேர் மேலே இருக்கும் பலகையை அதை நம்பித் தொங்கவிடக் கூடாது. துப்பாக்கியில் உருக்கிப் போடும் குச்சி கம்மை அங்கே நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். நான் சொன்னது இதுதான்: கம் டைப் 1, ஆனால் மேல்தட்டைத் தாங்குவது கம்மாக இருக்கக் கூடாது, கழுந்தாகவோ பக்கப் பலகையில் வெட்டிய காடியாகவோ இருக்கட்டும். மூட்டு சரியாக இருந்தால் கம்முக்குப் பாதி வேலைதான்.

இந்தக் குடும்பத்து கம் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. ஓயாமல் ஒரே பக்கம் பாரம் இழுத்துக்கொண்டிருந்தால் வருஷக் கணக்கில் மெல்ல மெல்ல நகரும். வளைத்து ஒட்டிய பலகையில் அடுக்குகள் ஒரு மயிரிழை வழுக்கியிருப்பதை விரலால் தடவினாலே உணரலாம். ஊஞ்சல் பலகை மாதிரி வேலைக்கு இது மனதில் இருக்கட்டும்.

அப்புறம் நேரம். டப்பாவில் 'விரித்துவைக்க 8 முதல் 10 நிமிடம்' என்று போட்டிருந்தால் அது குளிரூட்டிய அறை போன்ற 21 டிகிரி கணக்கு. தகரக் கொட்டகையில் மத்தியானம் இரண்டு மணிக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது. நாலு பலகையை ஒட்டுவதற்குள் முதல் பலகையில் தோல் கட்டிவிடும். நான் பெரிய ஒட்டு வேலையை எல்லாம் காலை ஏழு ஏழரைக்கே முடித்துவிடுவேன். முதலில் கம் இல்லாமல் ஒரு முறை எல்லாவற்றையும் பொருத்தி, கிளாம்பை அளவாகத் திறந்து வைத்துக்கொண்டால் பிறகு ஓட வேண்டியதில்லை.

கம்மை விட்டுவிட்டு மரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம்மைச் சுற்றி இருக்கும் தோட்டங்களில் பால் மரம், அதாவது ரப்பர் மரம், 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்ததும் வெட்டி மறு நடவு செய்வார்கள். ஒரு காலத்தில் அதெல்லாம் விறகு. இன்று மூவார் பக்கம் நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பல் ஏறுகிறது. ஆனால் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து ஏராளம். வெட்டிய சூட்டோடு போரான் மருந்து ஏற்றி, சூளையில் காயவைக்காவிட்டால் நீலம் பூத்துவிடும், பொடி வண்டு அரித்துவிடும். தெரிந்த லாரிக்காரர் ஒருவரிடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று காயாத பலகை வாங்கி நான் ஒரு தடவை அலமாரி செய்தேன். முதலில் மூட்டு எல்லாம் விட்டது. மரத்திலேயே அத்தனை ஈரம் இருந்தால் கம்மின் தண்ணீரை எது குடிக்கும்? பிறகு பலகை சுருங்கிக் கோணியது. ஆறு மாதத்தில் கீழே சல்லடை மாவு மாதிரி தூள் கொட்டியது. நல்ல கம்மை வாங்கி வைத்துக்கொண்டு மரத்தில் மிச்சம் பிடித்தால் இதுதான் கதி. இங்கே காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். காய்ந்த பலகையும் திறந்த கொட்டகையில் கிடந்தால் ஈரம் ஏற்றிக்கொள்ளும். செய்யப்போகும் சாமான் ஏர்கான் அறைக்குப் போகிறதென்றால் பலகையை அந்த வீட்டுக்குள்ளேயே இரண்டு வாரம் போட்டுவைத்துவிட்டு வேலை தொடங்குங்கள்.

பெஞ்சுக்கு வருகிறேன். மச்சினன் மனதில் இருந்தது ரப்பர் பலகைப் பெஞ்சு, டைப் 1 கம், மேலே இரண்டு கை வார்னிஷ். கம் தாங்கும். மரம் தாங்காது. ரப்பர் மரத்தை மழையில் வைத்தால் எந்தக் கம் போட்டாலும் இரண்டு மூன்று மழைக்காலத்தில் மக்கிவிடும். வெளியில் நிற்க வேண்டுமானால் செங்கால், பாலாவ் மாதிரி மரம் வேண்டும். அங்கே வேறு சிக்கல் ஆரம்பம். செங்கால் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் நிற்கும், ரப்பர் மரத்தைப் போல ஒன்றரை மடங்கு. டாமார் பெனாக் என்று பேர் போன குங்கிலியம் வடிவது இந்த மரத்தில்தான். இப்படி அடர்ந்து, பிசின் ஊறிய மரத்துக்குள் தண்ணீர் கம் எளிதில் இறங்காது. கெருயிங் இன்னும் மோசம், வெயிலில் வைத்தால் எண்ணெய்ப் பிசினே கசியும். இந்த வகை மரத்துக்கு நான் போடுவது எபாக்சி.

எபாக்சி இரண்டு குழாயில் வரும்: பிசின் ஒன்று, அதை இறுக்கும் மருந்து ஒன்று. காய்வது என்று நாம் சொல்வது தப்பு. எதுவும் ஆவியாகப் போவதில்லை, இரண்டும் கூடி வேதி வினையில் கல்லாகின்றன. அதனால் அளவு பிசகக் கூடாது. சீக்கிரம் காயட்டும் என்று மருந்தைக் கூட்டி ஊற்றுகிறவர்கள் உண்டு. அது காயவே காயாது, ஆயுசுக்கும் பிசுபிசுவென்று இருக்கும். மற்ற கம் எல்லாம் பலகையை நெருக்கி இறுக்கச் சொல்லும். இதை இறுக்கிப் பிழிந்தால் இருக்கிற பசையும் வெளியே போய்விடும். லேசாகப் பிடித்து வைத்தால் போதும். இடைவெளியை நிரப்பும் குணம் இதற்கு மட்டும்தான் உண்மையாகவே உண்டு. துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டதா, மரத்தூளைக் கலந்து கெட்டியாக்கி அப்பிவிடலாம். செங்கால் என்றால் இழைத்த அன்றைக்கே, ஒட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

ஐந்து நிமிஷ ரகமும் உண்டு, ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்ளும் ரகமும் உண்டு. அவசரக் குழாய் சின்னப் பழுதுக்கு. தண்ணீரில் நிற்கும் வேலைக்கு மெதுவானதுதான். ஒரு தடவை மெதுவான ரகத்தை நிறையக் கலந்து, காப்பி குடித்துவிட்டு வரலாம் என்று மைலோ டின்னிலேயே விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது டின்னிலிருந்து புகை. மொத்தமாகக் கூடியிருந்தால் அதன் சூடே அதை விரட்டும். கலந்த உடனே தட்டில் பரப்பிவிட வேண்டும். கையுறையும் கட்டாயம். ஒரு தடவை ஒன்றும் செய்யாது, பத்துத் தடவை ஒன்றும் செய்யாது, பிறகு ஒரு நாள் தோல் ஒத்துக்கொள்ளாமல் போனால் அதற்குப் பிறகு பக்கத்தில் போனாலே அரிக்கும். வெயில் நேரடியாகப் பட்டாலும் எபாக்சி மஞ்சளித்து நொறுங்கும் என்பதால் மேலே பூச்சு வேண்டும். விலையும் கை கடிக்கும். பெஞ்சு மூட்டுக்கு அளந்து வாங்கலாம், அலமாரி முழுக்க ஒட்ட இது கட்டுப்படியாகாது.

பெஞ்சுக்கு பாலியூரித்தேன் போடலாமே என்று கேட்டான். வீடியோ எல்லாவற்றிலும் அதைத்தான் நுரைக்கவிட்டுக் காட்டுகிறார்கள். அது ஈரத்தை வைத்தே இறுகுகிற சாமான். தண்ணீருக்கு நன்றாகத் தாங்கும். நுரை பொங்கி இடைவெளியை அடைப்பது பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் அந்த நுரையில் பலம் கிடையாது. மூட்டு நெருக்கமாக இருந்தால்தான் பிடிக்கும். நம் ஊர்க் காற்று ஈரத்துக்கு, திறந்த புட்டி அடுத்த வேலை வருவதற்குள் உள்ளேயே கல்லாகிவிடுகிறது. நான் வாங்கிய மூன்றில் ஒன்றைக்கூட முழுதாக முடித்ததில்லை. கையில் பட்டால் கறுப்பாகப் பிடித்து, தோல் உரிந்தால்தான் போகும். என் அக்கா மகள் நிச்சயதார்த்தத்தில் பந்தியில் உட்கார்ந்து கையை மறைத்தபடி சாப்பிட்டேன். எனக்கும் அதற்கும் அத்தோடு சரி.

ஃபார்மிக்காவுக்கு மட்டும் விவாதமே இல்லை. டின்னில் வரும் மஞ்சள் கான்டாக்ட் கம்தான். செருப்புத் தைப்பவரும் இதைத்தான் வைத்திருப்பார். பலகையிலும் ஷீட்டிலும் இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்து, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்த்ததுதான், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் ஈர்க்குச்சிகளை வரிசையாகப் பரப்பி, அதன் மேல் ஷீட்டை வைத்து நேர் பார்த்து, ஒரு முனையிலிருந்து குச்சியை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே அழுத்திப் போவேன். சப்பாத்திக் கட்டையால் நன்றாக உருட்டினால் காற்றுக் குமிழ் நிற்காது. இது ரப்பர் சாதிக் கம். எப்போதும் கொஞ்சம் இழுபடும். ஷீட்டுக்கு அந்தக் குணம் நல்லது, நாற்காலிக் காலுக்கு அதுவே வினை. வாசல் சன்னல் எல்லாம் திறந்து வையுங்கள், அடுப்பை அணைத்துவிடுங்கள். அதில் இருக்கும் கரைப்பான் தீப்பிடிக்கும், தலை சுற்றும். இந்த டின்னைப் பூட்டித்தான் வைப்பேன். இதை மோந்து கெட்டுப்போன பிள்ளைகளை நம் தோட்டப்புறத்தில் பார்க்காதவர் யார்?

ரப்பர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் ரப்பர்ப் பால் வடியும் மங்குக் கிண்ணத்தின் அடியில் மிஞ்சும் பாலைத் தொட்டுத்தான் நாங்கள் பட்டம் ஒட்டுவோம், புத்தகத்துக்கு அட்டை ஒட்டுவோம். காகிதத்துக்கும் துணிக்கும் அது நல்ல கம்தான். அம்மோனியா சேர்த்துக் கெடாமல் வைத்த அதே பாலைத்தான் சில கம்பெனிகள் புட்டியில் அடைத்து விற்கின்றன. மரத்துக்கு உதவாது. உலகத்துக்கே ரப்பர் கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஓர் அலமாரி ஒட்ட வெளிநாட்டுப் புட்டியைத் தேடுகிறோம்.

சூப்பர் குளூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிராய் பெயர்ந்தால் ஒட்ட, கிளாம்ப் எட்டாத இடத்தில் பெரிய கம் காயும் வரை பிடித்து வைக்க. இறுகினால் கண்ணாடி மாதிரி, ஒரு தட்டுத் தட்டினால் தெறித்துவிடும். பஞ்சு, பருத்தித் துணி மேல் கொட்டிவிடாதீர்கள், சுடச்சுடப் புகைந்துவிடும். யூரியா ஃபார்மால்டிஹைட் தூளைப் பட்டறைக்காரர்கள் தண்ணீரில் கலந்து போடுவார்கள். பாரத்தில் நகராது, விலை குறைவு. ப்ளைவுட், சிப்போர்ட் பலவற்றின் உள்ளே இருப்பதும் அதுதான். ஆனால் ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியிருக்கிறது. கொட்டகையில் நான் அதைக் கலப்பதில்லை.

மிஞ்சியது ஆர்மோனியம்.

தாத்தா தோட்டத்துக் கோயில் பஜனையில் வாசித்தது. தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, லயத்து ஆள்கள் எல்லாம் தாமான்களுக்குக் கலைந்த பிறகு பரண்மேல் கிடந்தது. துருத்திப் பக்கத்துப் பலகை இரண்டு மூலையிலும் வாய் பிளந்து, அழுத்தினால் காற்று முழுக்க அங்கேயே போயிற்று. மச்சினன் டைப் 1 புட்டியைத் திறந்துவிட்டான். "இருடா மாப்ளே" என்று கையைப் பிடித்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் மூட்டுக்குள் தேன் நிறத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ மின்னியது. கத்தி முனையால் ஒரு துணுக்கை எடுத்து, நாக்கில் நனைத்த விரலில் வைத்து உருட்டினேன். கொஞ்ச நேரத்தில் பிசுக்கென்று ஒட்ட ஆரம்பித்தது. வச்சிரம்.

மாட்டுத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சி எடுக்கும் பழைய பசை. நம் ஆசாரிமார் பல தலைமுறையாகப் போட்டது. பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர், எஸ்டேட் பட்டறையில் தச்சராக இருந்தவர், வந்து பார்த்தார். "வச்சிரம் போட்டதுக்கு வச்சிரம்தான்யா போடணும். வேற எதைப் போட்டாலும் அடுத்த தடவை திறக்கிறவன் உன்னைத் திட்டுவான்" என்றார்.

அதில் முழு நியாயம் இருக்கிறது. இசைக் கருவி திரும்பத் திரும்பத் திறந்து பழுது பார்க்கும் சாமான். வச்சிரத்துக்குச் சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். பழைய பூச்சின் மேல் புதுப் பூச்சு போட்டால் பழையதையும் இளக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். வெள்ளை, மஞ்சள் கம்மெல்லாம் அப்படி இல்லை. ஒரு தடவை காய்ந்த படலத்தின் மேல் அதே கம்மையே மறுபடி தடவினாலும் பிடிக்காது, மரம் தெரியும் வரை சுரண்டியாக வேண்டும். விட்டுப்போன பழைய நாற்காலிக்குச் சும்மா கம்மை ஊற்றி இறுக்கி, மறுபடி மறுபடி ஏமாறுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

மூலையில் வெந்நீர்த் துணியை ஒற்றி ஒற்றி, மெல்லிய கத்தியை உள்ளே விட்டு, கால் மணி நேரத்தில் பலகையை ஒரு சிராய்கூடப் பெயராமல் கழற்றினோம். வச்சிரக் குருணையை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். காலையில் வீங்கி ஜெல்லி மாதிரி இருந்தது. பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, 60 டிகிரி சுமாருக்குச் சூடு பண்ணினால் பாகாகிவிடும். கொதிக்கவிட்டால் பலம் போச்சு. அந்த வாடை மட்டும் வீட்டுக்காரிக்கு ஆகாது. தூரிகையால் தொட்டுப் பலகை இரண்டிலும் தடவிச் சேர்த்தபோது, பெரியவர் கட்டைவிரலால் மூட்டை முன்னும் பின்னும் தேய்த்தார். நாலு தேய்ப்பில் பலகை அவர் விரலுக்கு அசைய மறுத்தது. ஆறும்போதே பிடிப்பு வந்துவிடும், அதுதான் அதன் அழகு.

ஈரத்தில் கிடக்கும் எதற்கும் வச்சிரம் ஆகாது, நம் ஊரில் அது பெரிய குறை. இன்னொன்று, தோலில் செய்தது என்று தெரிந்தால் சாமி மேடைக்கு மாமியார் அதை வாசல்படி தாண்ட விடமாட்டார். வெள்ளை, மஞ்சள் கம்மில் அந்தப் பேச்சு இல்லை, இரண்டும் ஆலைச் சரக்கு.

சாயங்காலம் ஹார்ட்வேர் கடையில் மச்சினன் வாங்கியது: பச்சை லேபிள் புட்டி ஒன்று, மெதுவாகக் காயும் எபாக்சி ஒரு ஜோடி, இருப்பதிலேயே சின்ன கான்டாக்ட் டின் ஒன்று. வச்சிரம் என்னிடமே மிச்சம் இருந்தது. ஒரே கம் கேட்டு வந்தவன் மூன்றுக்குக் காசு கொடுத்தான். காரில் ஏறுமுன் புட்டி மூன்றிலும் திறக்கும் தேதியை எழுத வேண்டும் என்று சொல்லி மார்க்கர் ஒன்றையும் கொடுத்தேன். பச்சை லேபிள் கம் நூல் நூலாக இழுத்தாலோ புளித்த வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

சாமி மேடை முடிந்துவிட்டது. ஃபார்மிக்கா ஒரு மூலையில் இரண்டு மில்லிமீட்டர் கோணல், அந்த மூலையில் அவன் ரைஸ் குக்கரை வைத்துவிட்டான். பெஞ்சுக்குத்தான் செங்கால் இன்னும் கிடைத்தபாடில்லை, புதுப் பலகை விலை நமக்குச் சரிப்படாது. பழைய பலகை வீடு ஒன்றைப் பிரிக்கப்போவதாகப் பெரியவர் சொன்னார். உத்திரம் மட்டுமாவது கிடைக்குமா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.